ப்ராக் ராக் கச்சேரியைக் கேட்பது எப்படி: நம்மூர்க் காதுகளுக்கு ஒரு தொடக்கம்

ப்ரோக்ரெசிவ் ராக் என்பதைச் சுருக்கி ப்ராக் என்பார்கள். காரைக்குடியில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். "அது கத்துற பாட்டுதானே தம்பி?" என்பது ஒன்று. "ஒரே பாட்டு இருபது நிமிஷமாமே, எப்படி உக்காந்து கேக்குறீங்க?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் சுலபம். பழைய ப்ராக் குழுக்களில் கத்தல் குறைவு, புல்லாங்குழலும் ஆர்கனும் பன்னிரண்டு கம்பி கிட்டாரும் மெதுவாகப் பேசிக்கொள்ளும் இடங்கள் நிறைய. இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. ஏனென்றால் அதைக் கேட்பவர், கொப்புடையம்மன் கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் ஒரு ராகத்தை எடுத்து நிதானமாக ஆலாபனை செய்து முடிக்கிற வரைக்கும், அப்புறம் இரண்டு தவில்களும் மாறி மாறி வாசித்து ஓய்கிற வரைக்கும், காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நின்று கேட்டவர். இருபது நிமிடப் பாட்டு அவருக்குப் புதிதே இல்லை.

ப்ராக்கை அறிமுகப்படுத்துகிறவர்கள் வழக்கமாக ஆல்பங்களில் இருந்து தொடங்கச் சொல்வார்கள். என் கருத்து வேறு. முதலில் கச்சேரியைப் பாருங்கள், நேரில் கிடைத்தால் நேரில், இல்லாவிட்டால் முழுக் கச்சேரிப் படமாக. இந்த இசையில் என்ன நடக்கிறது என்பது காதுக்குப் பிடிபடுவதற்கு முன்னால் கண்ணுக்குப் பிடிபட்டுவிடும். யார் எண்ணுகிறார், யார் யாரைப் பார்த்துத் தலையசைக்கிறார், எந்த இடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுக்கிறார்கள், இதெல்லாம் ஹெட்போனில் தெரியாது.

சரி, ப்ராக் என்றால் என்ன? 1960-களின் நடுவில் ராக் பாட்டு என்றால் மூன்று நிமிடம், நான்கு எண்ணிக்கைத் தாளம், சரணம், பல்லவி, மறுபடி சரணம், நடுவில் கொஞ்சம் கிட்டார். இங்கிலாந்தில் சில இளைஞர்கள், சர்ச்சில் ஆர்கன் கேட்டு வளர்ந்தவர்கள், பியானோ வகுப்புக்குப் போனவர்கள், ஜாஸ் பைத்தியம் பிடித்தவர்கள், இந்தச் சட்டத்துக்குள் அடங்க மனமில்லாமல் இருந்தார்கள். ஒரு பாட்டு புறப்பட்ட இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்காமல், ஒரு இடத்தில் கிளம்பி, பல ஊர் சுற்றி, வேறொரு இடத்தில் போய்ச் சேரக் கூடாதா என்று கேட்டார்கள். அந்தக் கேள்விதான் ப்ராக். நீளம், விசித்திரமான தாளம், வினோதமான கருவிகள், ஆல்பம் முழுக்க ஓடும் கதை எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து பின்னால் வந்தவை.

இந்த வகையின் முதல் முழு ஆல்பம் என்று பலரும் சொல்வது கிங் கிரிம்சன் குழு 1969 அக்டோபரில் வெளியிட்ட 'இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்'. ஆனால் அதற்கு மூன்று மாதம் முன்பே, ஜூலை 5 அன்று, லண்டன் ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரிக்கு முன்னால் அவர்கள் மேடையேறி, கூடியிருந்த பெருங்கூட்டத்தைத் திகைக்க வைத்துவிட்டார்கள். இசைத்தட்டு பின்னால் வந்தது, மேடை முன்னால் வந்தது. பிங்க் ஃப்ளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' கதையும் இப்படித்தான். 1973 மார்ச்சில் வெளியான அந்த ஆல்பத்தை 1972 ஜனவரியிலிருந்தே மேடைகளில் வாசித்து வந்தார்கள். பிரைட்டன் நகரில் முதல் முறை வாசித்த அன்று கருவிக் கோளாறு வந்து பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது. ஒரு வருடம் ஊர் ஊராக வாசித்து, கூட்டம் எங்கே அசையாமல் இருக்கிறது, எங்கே நெளிகிறது என்று பார்த்துப் பார்த்துச் செதுக்கியது அது. அதனால்தான் கச்சேரியிலிருந்து தொடங்கச் சொல்கிறேன், இந்த இசை வளர்ந்த இடமே அதுதான்.

நீளத்தைப் பற்றி ஒரு சின்ன விவரம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் மரச் சாமான், பீங்கான், எனாமல் பாத்திரங்களுக்கு நடுவே பழைய இசைத்தட்டுகளும் கண்ணில் படும். ஒரு எல்.பி. தட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள், ஒரு பக்கத்தில் ஏறக்குறைய இருபது, இருபத்திரண்டு நிமிடம் பதிய முடியும். ப்ராக் பாட்டுகள் பல ஏன் சரியாக அந்த நீளத்தில் இருக்கின்றன என்பதற்கு அந்தத் தட்டே விடை. 1972-ஐ மட்டும் எடுத்துக்கொண்டால், யெஸ் குழு 'க்ளோஸ் டு தி எட்ஜ்' ஆல்பத்தின் ஒரு பக்கம் முழுக்க 18 நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரே பாட்டை வைத்தது. ஜெனிசிஸ் குழு ஏறக்குறைய 23 நிமிடத்துக்கு ஒன்று செய்தது. ஜெத்ரோ டல் குழு ஒருபடி மேலே போய் ஆல்பத்தின் இரண்டு பக்கத்துக்கும் ஒரே பாட்டு என்று 'திக் அஸ் எ ப்ரிக்' கொண்டுவந்தது. தட்டில் அதை நடுவில் நிறுத்தித் திருப்பிப் போட்டாக வேண்டும். மேடையில் அந்தத் தொல்லை கிடையாது. அந்த வருடச் சுற்றுப்பயணத்தில் அவர்கள் அதை ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஒரே மூச்சில் வாசித்தார்கள், இயன் ஆண்டர்சன் ஒற்றைக் காலில் நின்று புல்லாங்குழல் வாசித்தபடி.

இப்போது தாளத்துக்கு வருவோம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் அதிகமாகவே பேசப் போகிறேன்.

வெளிநாட்டு ரசிகர்கள் பலருக்கு ப்ராக் கடினமாகத் தோன்றுவதற்கு முக்கியக் காரணம் ஐந்து, ஏழு, ஒன்பது என்று வரும் எண்ணிக்கைகள். அவர்களுடைய பெரும்பாலான பாட்டுகள் நான்கில் ஓடுபவை, அதனால் ஏழு வந்தால் ஒரு படி குறைவதுபோல் தடுமாறுகிறார்கள். நமக்கு அந்தத் தடுமாற்றம் தேவையே இல்லை. மிஸ்ர சாபு ஏழு, கண்ட சாபு ஐந்து, பெயர் தெரியாவிட்டாலும் காதுக்கு இரண்டும் பழக்கம். சாமி புறப்பாட்டில் மல்லாரி கேட்டவர்கள், தவில்காரர் விரலுக்கு விரல் கூடு மாட்டிக்கொண்டு ஒரு கணக்கை எடுத்து, இழுத்து, மடக்கி, கடைசியில் எல்லோரும் எதிர்பார்த்த இடத்தில் கொண்டுவந்து போடுவதைப் பார்த்தவர்கள், இதில் பாதிப் பாடத்தை ஏற்கெனவே படித்துவிட்டார்கள்.

பிங்க் ஃப்ளாய்டின் 'மனி' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காசு குலுங்கும் சத்தம், காகிதம் கிழிபடும் சத்தம், கல்லாப்பெட்டி திறக்கும் சத்தம், எல்லாவற்றையும் ஒலிநாடாவில் பதிந்து, துண்டு துண்டாக வெட்டி, ஏழு எண்ணிக்கைக்கு ஒட்டி, சுற்றிச் சுற்றி ஓடவிட்டிருப்பார்கள். அதன்மேல் கனத்த கீழ்ச் சுருதியில் ஒலிக்கும் பேஸ் கிட்டார் ஏழில் நுழையும். 'தகதிமி தகிட' என்று சொல்லிக்கொண்டே கேளுங்கள், ஒட்டிக்கொண்டு வரும். நடுவில் சாக்ஸபோன் தனி வாசிப்பும் ஏழில்தான். அது முடிந்து கிட்டார் தனி வாசிப்பு தொடங்கும்போது தாளம் நான்குக்கு மாறும், அந்த நொடியில் பாட்டு கட்டவிழ்த்து விட்டதுபோல் ஓடும். கச்சேரிப் படங்களில் இந்த இடத்தில் கூட்டத்தைப் பாருங்கள். அதுவரை தலையை எப்படி ஆட்டுவது என்று தெரியாமல் நின்றவர்கள்கூட ஒன்றாக ஆட ஆரம்பித்துவிடுவார்கள். தாளம் மாறியது என்று அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது, உடம்புக்குத் தெரிந்துவிட்டது.

ஜெனிசிஸ் குழுவின் அந்த 23 நிமிடப் பாட்டு 'சப்பர்ஸ் ரெடி'. அதன் கடைசிக்கு முந்தைய பகுதி ஒன்பதில் அமைந்தது. டிரம்ஸில் ஃபில் காலின்ஸும் மற்றவர்களும் 'தகிட தக தகதிமி' என்று மூன்று, இரண்டு, நான்காகப் பிடித்துக்கொண்டே இருக்க, ஆர்கனில் டோனி பேங்க்ஸ் அந்தக் கணக்கைக் கண்டுகொள்ளாதவர்போல் தன் போக்கில் வாசித்துக்கொண்டு போவார். கீழே ஒரு தாளம், மேலே ஒரு தாளம். முதல் முறை கேட்கும்போது இரண்டு ரயில் பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளத்தில் வெவ்வேறு வேகத்தில் போவதைப் பார்க்கிற பதற்றம் வரும். அப்புறம் திடீரென்று பீட்டர் கேப்ரியல் பாட ஆரம்பிக்க, பாட்டின் தொடக்கத்தில் கேட்ட மெட்டு பெரிதாக வளர்ந்து திரும்பி வரும். இருபது நிமிடம் காத்திருந்ததற்கு அங்கே பலன் கிடைக்கும். அந்தக் காத்திருப்பு இல்லாமல் அந்த இடத்தை மட்டும் தனியாக வெட்டிக் கேட்டால் ஒன்றும் தோன்றாது, நான் முயன்று பார்த்திருக்கிறேன், அது வெறும் நல்ல மெட்டாக மட்டும் இருந்தது.

கனடாவின் ரஷ் குழு 1981-இல் வெளியிட்ட 'ஒய் ஒய் இஸட்' இன்னும் அழகான கணக்கு. டொராண்டோ விமான நிலையத்தின் குறியெழுத்துகள் அவை. அந்த மூன்று எழுத்தையும் மோர்ஸ் தந்திக் குறியீட்டில் தட்டினால் வருகிற கோடும் புள்ளியும்தான் பாட்டின் தொடக்கத் தாளம். கோட்டுக்கு இரண்டு மாத்திரை, புள்ளிக்கு ஒன்று என்று வையுங்கள். முதல் எழுத்து கோடு, புள்ளி, கோடு, கோடு, ஆக ஏழு. இரண்டாவதும் அதே எழுத்து, இன்னொரு ஏழு. மூன்றாவது கோடு, கோடு, புள்ளி, புள்ளி, ஆறு. மொத்தம் இருபது, அதாவது ஐந்து அடி, அடிக்கு நான்கு. ஏழு, ஏழு, ஆறு என்று உடைத்து இருபதை நிரப்புவது நம்மூர் மிருதங்க வகுப்பில் சொல்லித்தரும் கோர்வைக் கணக்குக்கு அப்படியே உறவு. நீல் பியர்ட் முதலில் இதைச் சின்ன உலோகத் தட்டுகளில் தட்டித் தொடங்குவார், அப்புறம் மூன்று பேரும் சேர்ந்து அதே கணக்கில் இடிப்பார்கள். இதில் பாடல் வரியே கிடையாது. ஆனால் 2002 நவம்பரில் ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில் அவர்கள் இதை வாசித்தபோது, ஏறக்குறைய 40,000 பேர் கருவி இசையின் மெட்டைத் தொண்டை கிழியப் பாடிக்கொண்டே குதித்தார்கள். படமாக இருக்கிறது, அவசியம் பாருங்கள். ப்ராக் மூளைக்கு மட்டுமான இசை என்று யாராவது சொன்னால் நான் காட்டுவது இந்தப் பதிவைத்தான்.

இங்கே காரைக்குடி மணியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1945-இல் பிறந்து 2023-இல் மறைந்த மிருதங்க மேதை, ஊர்ப் பெயரையே முன்னால் வைத்துக்கொண்டு உலகம் சுற்றியவர். தாள வாத்தியங்களை முன்னிறுத்திய கச்சேரிகளுக்கு அவர் பெயர்பெற்றவர், ஆஸ்திரேலியன் ஆர்ட் ஆர்க்கெஸ்ட்ரா போன்ற வெளிநாட்டுக் குழுக்களோடும் சேர்ந்து வாசித்திருக்கிறார். அவருடைய தனி ஆவர்த்தனப் பதிவு ஒன்றைக் கேட்டுவிட்டு ப்ராக் பக்கம் வாருங்கள் என்று தெரிந்தவர்களிடம் சொல்வேன். கணக்கு எவ்வளவு சிக்கலாக இருந்தாலும் சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், வந்து விழும்போது கேட்பவருக்கு நிம்மதி பிறக்க வேண்டும் என்பது அவர் வாசிப்பில் தெளிவாகத் தெரியும். அதே நிம்மதிதான் இங்கேயும் தேடப்படுகிறது.

தாள வாத்தியத்தை முன்னால் வைப்பது என்றதும் கிங் கிரிம்சன் 2014-இல் மறுபடி கூடியபோது செய்தது நினைவுக்கு வருகிறது. ராக் மேடையில் டிரம்ஸ் எப்போதும் பின்னால்தான் இருக்கும். இவர்கள் மூன்று டிரம்ஸ் செட்டுகளை மேடையின் முன்வரிசையில் வைத்து, கிட்டாரையும் மற்றவர்களையும் பின்னால் உயரமான இடத்துக்கு ஏற்றிவிட்டார்கள். மூன்று பேரும் ஒரே அடியைச் சேர்ந்து அடிப்பது குறைவு. ஒருவர் தொடங்கிய சொல்லை அடுத்தவர் முடிப்பார், மூன்றாமவர் அதற்குப் பதில் சொல்வார். நாலு தவில் சேர்ந்த பெரிய மேளச் செட்டை முன்னால் நின்று பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் சுகம் சொல்லாமலே புரியும். இன்னொன்று, அந்தக் கச்சேரிகளில் யாரும் செல்போனைத் தூக்கக் கூடாது என்பது விதியாக இருந்தது. கடைசியில் பேஸ் கலைஞர் டோனி லெவின் தன் கேமராவை எடுத்துக் கூட்டத்தைப் படம் பிடிப்பார், அப்போதுதான் கூட்டமும் படம் எடுக்கலாம். நம்மூர்க் கல்யாணக் கச்சேரிகளுக்கும் இந்த விதி வந்தால் நன்றாக இருக்கும் என்று மனதார நினைக்கிறேன்.

அதே டோனி லெவின் வாசிக்கும் சாப்மன் ஸ்டிக் என்ற கருவி உடம்போடு ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும், இரண்டு கை விரல்களாலும் கம்பிகளைத் தட்டித் தட்டி வாசிப்பார். காரைக்குடி சகோதரர்களில் மூத்தவரான சுப்பராமய்யர் வீணையை மடியில் கிடத்தாமல் நிமிர்த்தி வைத்து வாசித்தவர் என்பது இங்கே இசை தெரிந்த வீடுகளில் இன்னும் பேசப்படும் செய்தி. இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. எனக்கு இரண்டையும் சேர்த்து நினைக்கப் பிடிக்கும், அவ்வளவுதான்.

கருவிகளில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று மெல்லோட்ரான், 1960-களில் பர்மிங்காமில் உருவானது. பார்க்க ஆர்மோனியத்தின் பெரியப்பா மாதிரி இருக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு ஒலிநாடாத் துண்டு, அதில் வயலின் கூட்டமோ புல்லாங்குழலோ பாடகர் குழுவோ பதிவாகியிருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், ஏறக்குறைய எட்டு நொடியில் தீர்ந்துவிடும், விரலை எடுத்தால் ஸ்பிரிங் அதைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். பழைய ப்ராக் பாட்டுகளில் தூரத்தில் ஒரு கூட்டம் அழுவதுபோல் கேட்பது பெரும்பாலும் இதுதான். மின்சாரம் ஏறி இறங்கினால் நாடாவின் வேகம் மாறி சுருதி போய்விடும், ஈரப்பதமும் ஆகாது. சித்திரை மாதத்து மாலையில் நம்மூர் வோல்டேஜில் இதை வாசிக்க வேண்டுமானால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள், அப்போது அந்தக் காலத்து மேடைக் கலைஞர்கள் மேல் தனி மரியாதை வரும். இன்னொன்று மின்சுற்றுகளாலேயே ஒலியை உருவாக்கும் மூக் சிந்தசைசர். கீத் எமர்சன் என்பவர் அலமாரி உயரத்துக்கு வயர்களும் திருகுகளும் நிறைந்த ஒன்றை மேடைக்கே கொண்டுவந்தவர். அதுவும் சூட்டில் சுருதி விலகும் சாதனம்தான். அவருடைய குழுவான எமர்சன், லேக் அண்ட் பாமர் 1970 ஆகஸ்டில் ஐல் ஆஃப் வைட் விழாவில் வாசித்த படம் இருக்கிறது. புதிய குழு, பிரம்மாண்டமான கூட்டம், ரஷ்ய இசைமேதை முசோர்க்ஸ்கியின் பியானோப் படைப்பை எடுத்து ராக்காக மாற்றி வாசிக்கிறார்கள், முடிவில் பீரங்கியும் வெடிக்கிறது.

பீரங்கி தேவையா என்று கேட்டால், தேவையில்லை. இந்த இசையில் ஆடம்பரம் ஒரு நிஜமான குறை, அதை மறைக்க மாட்டேன். 1973-இல் யெஸ் குழு நான்கு பக்கத்துக்கு நான்கே பாட்டு என்று ஓர் இரட்டை ஆல்பம் போட்டு, அதை அப்படியே மேடையிலும் வாசித்தது. அதில் மனம் ஒட்டாத கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மன், வாசிக்க வேலை இல்லாத நேரத்தில் மேடையிலேயே கறி சாப்பிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார், மறு வருடம் குழுவை விட்டும் விலகினார். 1976, 77-இல் பங்க் என்ற ராக் வகை வந்து மூன்று நிமிடப் பாட்டைத் திரும்பக் கொண்டுவந்ததற்கு இந்த மாதிரி மிகைகளும் ஒரு காரணம். அப்புறம் 80-களில் மரிலியன், 90-களில் ட்ரீம் தியேட்டர், போர்க்குபைன் ட்ரீ என்று வேறு வேறு உருவில் ப்ராக் தொடர்ந்தது. அந்தக் கதை நீளமானது, இன்னொரு நாள் பேசலாம்.

விழாக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ப்ராக்குக்கென்றே தனி விழாக்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் நியர்ஃபெஸ்ட் 1999-இல் தொடங்கி 2012 வரை நடந்தது. ஜெர்மனியில் ரைன் ஆற்றுக்கு மேலே லோரலை பாறை உச்சியில் இருக்கும் திறந்தவெளி அரங்கில் 2006 முதல் நைட் ஆஃப் தி ப்ராக் நடந்திருக்கிறது. 2013-இல் ஃப்ளோரிடாவிலிருந்து கப்பலில் போய்க்கொண்டே கேட்கும் க்ரூஸ் டு தி எட்ஜ் தொடங்கியது. மற்ற ராக் விழாக்களில் ஒரு குழுவுக்கு நாற்பது நிமிடம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், ப்ராக் குழுவுக்கு அதில் இரண்டு பாட்டுதான் அடங்கும். அதனால் இங்கே ஒரு நாளைக்குக் குழுக்கள் குறைவு, ஆளுக்கு நேரம் அதிகம், சில குழுக்கள் பழைய ஆல்பம் ஒன்றை முதலிலிருந்து கடைசி வரை வரிசை மாறாமல் வாசிப்பதும் உண்டு.

இந்தியாவில் இப்படித் தனி விழா இல்லாவிட்டாலும் வாய்ப்புகள் வந்திருக்கின்றன. 2009-இல் ஸ்வீடனின் ஓப்பெத் சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவில் வாசித்தது, அதே ஆண்டு டிசம்பரில் போர்க்குபைன் ட்ரீ மும்பை ஐ.ஐ.டி.யின் மூட் இண்டிகோ விழாவுக்கு வந்தது, அதன் தலைவர் ஸ்டீவன் வில்சன் 2016-இல் புனேயில் என்.எச்.7 வீக்கெண்டர் இசை விழாவில் தனியாக வாசித்தார். நம் பக்கத்துக் குழுக்களும் இருக்கின்றன. கொச்சியின் மதர்ஜேன் கிட்டாரில் கர்நாடக கமகங்களைக் கொண்டுவந்தது. பெங்களூரின் அகம், ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் பாட, கீர்த்தனைகளையே ப்ராக் கட்டமைப்பில் வாசிக்கிறது. சினிமாப் பாட்டு மட்டும் கேட்கும் வீட்டில் ப்ராக்கை அறிமுகப்படுத்த அகம்தான் சரியான வாசல் என்பேன். எங்கள் ஆயாவுக்கு அகத்தின் கச்சேரி ஒன்றைப் போட்டுக் காட்டினேன். டிரம்ஸ் சத்தம் கொஞ்சம் அதிகம் என்றாலும் பாட்டை முடிகிற வரைக்கும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டார்கள்.

பெங்களூரில் திறந்தவெளியில் இப்படி ஒரு கூட்டத்தோடு நின்று கேட்டபோது என்னைப் பிடித்துக்கொண்டது, சத்தமான இடங்களை விட அமைதியான இடங்கள். பதினைந்து நிமிடப் பாட்டின் நடுவில் எல்லாம் அடங்கி ஒரே ஒரு கிட்டார் மட்டும் தனியாக மீட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவு பேர் நிற்கிற மைதானத்தில் ஒருவர்கூடப் பேசவில்லை, தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்கிறது. பக்கத்தில் நின்ற பையன் கண்ணை மூடிக்கொண்டு விரலால் காற்றில் எண்ணிக்கொண்டிருந்தான். மேடையில் பேஸ் வாசிப்பவர் டிரம்ஸ்காரரின் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறார். டிரம்ஸ்காரர் புருவத்தைத் தூக்குகிறார். அடுத்த நொடி எல்லோரும் ஒன்றாக இறங்குகிறார்கள், நெஞ்சில் வந்து மோதுகிறது அந்தச் சத்தம். இந்தப் புருவத்தை எந்த ஆல்பத்திலும் கேட்க முடியாது. அன்றைக்கு இன்னொன்றும் புரிந்தது. வேகத்தைக் காட்டுவதற்காக வாசிக்கிற குழு எது, கணக்கை விழுங்கிச் செரித்துவிட்டு வாசிக்கிற குழு எது என்பது நேரில் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். முதல் வகைக் குழு தங்கள் கையையே பார்த்துக்கொண்டிருக்கும், இரண்டாவது வகை ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்.

தொடங்குகிறவர்களுக்கு என்ன சொல்வேன்? முதல் தடவை எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்க முயல வேண்டாம். ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள், பேஸ் கிட்டார்காரர் என்றால் மிக நல்லது, பாட்டு முழுக்க அவர் பின்னாலேயே போங்கள். இரண்டாம் முறை டிரம்ஸ். எண்ணிக்கை பிடிபடாவிட்டால் விட்டுவிடுங்கள், எங்கே 'ஒன்று' விழுகிறது என்பதை மட்டும் தேடுங்கள், அது கிடைத்துவிட்டால் ஐந்தா ஏழா என்பது தானாக வெளிவரும். திரும்பி வரும் மெட்டைக் கவனியுங்கள். முதல் மூன்று நிமிடத்தில் கேட்ட ஏதோ ஒன்று கடைசி மூன்று நிமிடத்தில் வேறு உடையில் வரும். கச்சேரிக்குப் போவதானால் அவர்கள் வாசிக்கப்போகும் ஒரு நீளமான பாட்டையாவது முன்கூட்டியே கேட்டுப் பழகிக்கொண்டு போங்கள், ராகம் தெரிந்து கச்சேரிக்குப் போவதில் இருக்கிற ருசி இதிலும் உண்டு.

வீட்டில் பார்க்க வரிசை கேட்டால், முதலில் அகத்தின் ஏதாவது ஒரு மேடைப் பதிவு. அடுத்தது பிங்க் ஃப்ளாய்ட் 1971 அக்டோபரில் இத்தாலியின் பாம்பேயி இடிபாடுகளில் இருக்கும் பழைய ரோமானிய அரங்கில், பார்வையாளர் யாருமே இல்லாமல் வாசித்த படம். வெயில், கல், நாலு பேர், அவ்வளவுதான், மனது ஒட்டிக்கொள்ள அதுவே போதும். அப்புறம் ரஷ் குழுவின் ரியோ பதிவு. அதற்குப் பிறகு ஜெனிசிஸ் 1973-இல் ஷெப்பர்டன் படப்பிடிப்புத் தளத்தில் வாசித்தது, பீட்டர் கேப்ரியலின் முகமூடிகளோடு. கிங் கிரிம்சனின் மூன்று டிரம்ஸ் பதிவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், முதலிலேயே பார்த்தால் கொஞ்சம் மிரட்டும். செல்போன் ஒலிபெருக்கியில் மட்டும் வேண்டாம், அதில் பேஸ் கேட்காது, பேஸ் கேட்காவிட்டால் ஏழும் எட்டும் ஒன்றாகிவிடும்.

நேரில் போகிறவர்கள் மேடைக்கு முட்டிக்கொண்டு முன்னால் போக வேண்டாம். கூட்டத்தின் நடுவில் சவுண்ட் மிக்ஸர் வைத்திருக்கும் மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள், சவுண்ட் பார்க்கிறவர் எதைக் கேட்டு அளவு வைக்கிறாரோ அதுவே உங்களுக்கும் கேட்கும், ஒவ்வொரு கருவியும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். காதில் வைத்துக்கொள்ள இயர் பிளக் வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு நாள் விழா என்றால் கட்டாயம். ஒரு குழு முடித்து அடுத்த குழு தன் கருவிகளை அடுக்க நிறைய நேரம் எடுக்கும், சாப்பாட்டை அந்த இடைவேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் நிகழ்ச்சி என்றால் காலைப் பல்லவன் ரயிலில் கிளம்பினால் மாலைக் கச்சேரிக்குத் தாராளமாக நேரம் இருக்கும், பெங்களூர் என்றால் முந்தின ராத்திரி பஸ்ஸே வசதி.